பிரமாதமான நடிப்பு

பயிற்சியாளருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மனநல ஆலோசகருக்குப் பொறுமைதான் முதல் தகுதி என்று காலையிலிருந்து தொண்டைத் தண்ணீர் வற்றப் பாடம் நடத்தியவர், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

எதிரே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அவர் கொடுக்கும் சீட்டில் உள்ள பிரச்சினையை ஒருத்தி நடித்துக்காட்ட வேண்டும், இன்னொருத்தி ஆலோசகர்.

“அவரு என்கூடப் பேசியே ஒரு வருஷமாச்சு. அந்த வீட்ல நான் இருக்கேனான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு” என்று விம்மினாள் நடிக்க வந்தவள்.

ஆலோசகராக இருந்தவள் வாயே திறக்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னம்மா, மரம் மாதிரி உக்காந்திருக்கே? ஏதாவது கேளு!” என்று சிடுசிடுத்தவர், அழுதவளிடம் திரும்பினார். “நீ பிரமாதம்மா! நடிப்புன்னா இதான் நடிப்பு. சரி சரி, சீட்டை அடுத்த ஆள்கிட்ட குடு.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்கு நீங்க சீட்டே குடுக்கலையே, சார்.”