வெள்ளிக்கிழமை ஓட்டம்

"டாப் ஸ்பீடு அடி வாங்கும் தம்பி. பொறவு என்னையக் குத்தம் சொல்லக் கூடாது" என்றார் மாரிச்சாமி, காரின் அடியில் படுத்தபடியே.

"போனாப் போகுது அண்ணாச்சி. டிஃபரன்ஷியல் பல்சக்கரத்தை மாத்திருங்க. புது செட்டு கையோட கொண்டு வந்திருக்கேன்" என்றான் எட்வின்.

ராஜபாளையத்தில் மாரிச்சாமியின் ஒர்க்‌ஷாப்புக்கு டிராக்டர் வரும், மினி லாரி வரும். கூரையை மடக்கி வைக்கிற, இரண்டே சீட் உள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது இதுதான் முதல் தடவை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எட்வின், அங்கே இருக்கிற பெரிய பெரிய ஒர்க்‌ஷாப்புகளை எல்லாம் விட்டுவிட்டுத் தன்னைத் தேடி வந்திருக்கிறான் என்பதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"மூணரை ரேஷியோ நாலே முக்கால் ஆகுது. எடுத்த எடுப்புலயே வண்டி சீறும்லா! வெள்ளிக்கிழமை ஓட்டம்னு சொன்னியே, எம்புட்டுப் பேரு வாராங்க?"

"அம்பது, அறுபது பேரு இருக்கும் அண்ணாச்சி."

"ஆத்தாடி! எங்க, ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டுலயா? போலீஸ் புடிச்சு உள்ள வச்சிருவான்."

"ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து அனுமதி வாங்கியாச்சு. இங்க ஊருக்குள்ளதான்."

"ஊருக்குள்ளயா?" மாரிச்சாமி வெளியே தலையை நீட்டினார். என்ன காலமோ என்று நினைத்துக்கொண்டார். வந்த வேலையை விடவும் மனசில்லை.

எட்வின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான். "போன வருசமும் இதே வண்டிதான் அண்ணாச்சி. பாதி வழியில கிளட்சு தீஞ்சு நின்னுருச்சு. அம்புட்டுப் பேரு முன்னாலயும் எறங்கித் தள்ளுனேன். வர்ற வெள்ளிக்கிழமை மட்டும் அப்படி ஆயிரக் கூடாது. அந்த நாளு எனக்குத் திரும்பக் கெடைக்காது."

ஒரு போட்டிக்காக இப்படி உருகுகிறவனை மாரிச்சாமி பார்த்ததில்லை. மற்ற வேலைகளையெல்லாம் ஓரங்கட்டினார். புதுப் பல்சக்கரங்களைப் பல்லோடு பல் உரசாமல், சத்தம் வராமல் உட்கார வைப்பதற்குள் இரண்டு நாளாகி, இடுப்பு ஒடிந்துவிட்டது.

புதன்கிழமை மாலை, பள்ளிக்கூடத்துச் சமையல் வேலையை முடித்துவிட்டு டீத் தூக்கோடு வந்தாள் அவர் மனைவி நாகஜோதி. எட்வின் சட்டென்று எழுந்து நின்றான். பையன் மரியாதை தெரிந்தவன்தான் என்று மாரிச்சாமிக்குப் பட்டது.

"இதுதான் பந்தய வண்டியா?" நாகஜோதி காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். "தம்பி, சொல்லுதேன்னு கோவிச்சுக்கிடாத. இப்பம் ரோட்டுல போற பிள்ளைகளப் பாத்தா எனக்கு ஈரக்கொலை நடுங்குது. வேகமாப் போயி என்னத்தக் கண்டிய? பையப் போயா."

"சரிம்மா. பையத்தான் போவேன்" என்றான் எட்வின், தலையைக் குனிந்துகொண்டு.

"ஆமா, பையப் போறதுக்குத்தான் நான் ரெண்டு நாளாத் தரையில உருண்டேன்" என்று மாரிச்சாமி முணுமுணுத்தார்.

வியாழக்கிழமை எட்வின் அய்யனார் கோவில் ரோட்டில் காரை ஓட்டிப் பார்க்கப் போனான். பத்து நிமிஷத்தில் வரவேண்டியவன் முக்கால் மணி நேரம் கழித்து வந்தான். இறங்கியதும் மாரிச்சாமியின் கிரீஸ் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"இந்த உதவிய நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன் அண்ணாச்சி."

"அட விடுப்பா! கோப்பையத் தூக்கிட்டு வா, அது போதும்" என்றார் மாரிச்சாமி. அவருக்கே கண் கலங்கிவிட்டது.

மறுநாள் நாகஜோதிக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி நாள். முப்பது வருஷ வேலை அன்றோடு முடிகிறது. வாத்தியார் ஓய்வு பெற்றால் மேளதாளத்தோடு வீடுவரை கொண்டுவந்து விடுவது இந்த ஊர் வழக்கம். சமையல்காரிக்கு ஒரு சால்வையும் ஒரு டீயும்தான். அன்றைக்காவது அவள் பஸ்ஸில் வராமல் இருக்கட்டும் என்று, இரண்டு முழம் மல்லிகைப் பூ வாங்கிக்கொண்டு மாரிச்சாமி தன் மொபெட்டில் கிளம்பினார்.

பள்ளிக்கூடத் தெரு முனையில் வழி அடைத்திருந்தது. நாதஸ்வரம், தவில், பின்னால் ஐம்பது அறுபது இளவட்டங்கள். அவசரத்தில் விடாமல் ஹாரன் அடித்தார். கூட்டம் நகர்ந்தபோதுதான் தெரிந்தது, நடுவில் அவர் கை வைத்த அதே சிவப்புக் கார். கூரை மடக்கியிருந்தது. எட்வினின் கால்கள் இரண்டும் பெடலைத் தொடாமல் சும்மா இருக்க, கார் முதல் கியரில் தானாக ஊர்ந்துகொண்டிருந்தது.

மாரிச்சாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏலே, என்னது இது? ஆமை கணக்கா ஊர்ந்து போறதுக்கா நான் கியர மாத்துனேன்? எங்கலே உன் ஓட்டம்?"

"இதுதான் அண்ணாச்சி. நடந்து வாரவுங்க நடைக்குத் தக்கன, கிளட்சு தீயாம வண்டி போகணும்லா? போன வருசம் எங்க ட்ரில் வாத்தியாரு ஊர்வலத்துல பாதியில நின்னு மானம் போச்சு. உங்ககிட்ட முன்னாலயே சொன்னா, சாயந்தரத்துக்குள்ள வீட்டுல ஒளறிருவீங்க."

"வீட்டுலயா? யாருக்குலே ஊர்வலம்?"

எட்வின் பக்கத்து சீட்டில் முகம் தெரியாமல் குவிந்துகிடந்த மாலைகளை மெல்ல விலக்கினான். உள்ளே விசும்பிக்கொண்டிருந்தாள் நாகஜோதி.

"இங்க படிச்ச எட்டு வருசமும் மத்தியானம் நான் பசியா இருந்ததே இல்ல அண்ணாச்சி, அந்தச் சோத்தைப் போட்டவுங்களை விறுவிறுன்னு கொண்டு போயி எறக்கிவிட எனக்கு எப்படி மனசு வரும்?"