மனு நேரம்

மதியச் சாப்பாட்டுக்கு வந்த ஜெயிலர் அருளப்பனுக்கு வீட்டுக் கதவு திறக்கவில்லை. உள்ளிருந்து மனைவி எவ்வளவு தள்ளியும் அசையவில்லை. கைதியைப் பார்க்க வந்தவரைத் திருப்பியனுப்பிய அதிகாரிக்கு, அந்தச் சந்திப்பு நடக்கும்வரை அவர் வீடும் திறக்காது. வந்தவரே மனமிரங்கித் திறக்கச் சொன்னால்தான் உண்டு. சட்டம் அப்படி.

காலையில், சிறையிலிருக்கும் கணவனை மனுப் போட்டுப் பார்க்க செவ்வந்தி கைக்குழந்தையோடு பத்து நிமிடம் தாமதமாக வந்திருந்தாள். "மனு நேரம் முடிஞ்சுபோச்சு. அடுத்த வாரம் வந்து புருஷனப் பாரு, போ" என்று விரட்டியிருந்தார்.

கதவுக்குப் பின்னால் அவருடைய மூன்று வயது மகள், "அப்பா, உள்ள வா" என்று வீறிட்டாள். வேறு வழியில்லாமல், பழைய மனுவில் இருந்த எண்ணைக் கேட்டு வாங்கிச் செவ்வந்திக்குப் போன் போட்டார். அவள் ஊர் திரும்பும் பஸ்ஸில் இருந்தாள்.

"ஜெயிலர் பேசுறேன்மா..."

"அழுறது உங்க புள்ளையா சார்?"

"ஆமா."

"எம்புள்ளையும் காலையில உங்க கேட்டுல இப்படித்தான் அழுதுச்சு. பாவம், அது என்ன பண்ணும்? திறக்கச் சொல்லிர்றேன்."

கதவு திறந்தது. ஓடி வந்த மகளை அள்ளிக்கொண்ட பின்னும் அருளப்பன் வாசற்படி தாண்டவில்லை.

"பஸ் இப்ப எங்கம்மா போகுது? அடுத்த ஸ்டாப்புல எறங்கி நில்லுங்க. ஜீப் எடுத்துட்டு நானே வர்றேன்."