நிறுத்தச் சொன்ன மாத்திரை

இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சர்க்கரை குறைந்துவிட்டதே என்று கலங்கிப்போன ஒரு மனிதரின் கதை சொல்கிறேன். கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

“அரியாங்குப்பம் கலியமூர்த்தி. நோட்டு வச்சவங்க உள்ள வாங்க.”

கார்குழலி கூப்பிட்டதும், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டே அவர் எழுந்து வந்தார். அவரைப் பார்த்தாலே அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். காரணம் இருந்தது.

லாஸ்பேட்டையில் இருந்த அந்தச் சின்ன சர்க்கரை மருத்துவமனையில் இரண்டு வருடமாக ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. முந்நூறு நோயாளிகளில் யார் மாதம் தவறாமல் வருகிறார்கள், யார் பாதியில் நின்றுவிடுகிறார்கள், வருகிறவர்களுக்கு உடம்பு எவ்வளவு தேறுகிறது என்று பார்க்கிற ஆய்வு. கேள்வித்தாள் நிரப்புவது கார்குழலியின் வேலை. அவள் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அதற்குள் நொந்துபோயிருந்தாள். பாதிப் பேர் வருவதே இல்லை. போன் செய்தால் கல்யாணம் என்பார்கள், நடவு என்பார்கள். சிலர் அவள் குரலைக் கேட்டதுமே வைத்துவிடுவார்கள்.

இவர் ஒருவர்தான் ஒரு மாதம்கூடத் தவறாதவர். புயல் மழையில் பாதி ஊர் தண்ணீரில் நின்ற செவ்வாய்க்கிழமையும் நனைந்துகொண்டே வந்து, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, மாத்திரை வாங்கிக்கொண்டு போனார். பலனும் கண்கூடு. அவருடைய சிகிச்சை நோட்டின் முதல் பக்கத்தில் சர்க்கரை முந்நூற்று நாற்பது. அடுத்த மாதமே நூற்றுப் பத்து. அதற்குப் பிறகு ஏறவே இல்லை. ஆறு மாதத்துக்கு முன்பு டாக்டர் பூர்ணிமா இரண்டு மாத்திரையை ஒன்றாகக் குறைத்தார். அப்போதும் ஏறவில்லை.

இன்று அந்த ஒன்றையும் நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு முன் அவருடைய சாப்பாடு, பழக்கம் எல்லாவற்றையும் விவரமாகக் கேட்டு எழுதச் சொல்லியிருந்தார். மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கலாமே என்ற ஆசை.

“கால்ல புண்ணு, மதமதப்பு ஏதாவது இருக்காங்க ஐயா?”

“எனக்கா? இல்ல பாப்பா.”

எந்தக் கேள்விக்கும் ஒரு முறை “எனக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் அவர் பதில் சொல்வார். காது கொஞ்சம் மந்தம்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கார்குழலி எப்போதும் குரலை உயர்த்தியே பேசுவாள்.

சாப்பாட்டுப் பக்கம் வந்தபோது அவள் பேனா தயங்கியது. காலையில் டீயும் இரண்டு வடையும் என்றார். டீயில் சர்க்கரை உண்டா என்று கேட்டாள். ரெண்டு ஸ்பூன் என்றார். மத்தியானம் தட்டு நிறையச் சோறும் மீன் குழம்பும். இதை எழுதி மற்றவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கார்குழலி திகைத்தாள்.

“மாத்திரை வேளாவேளைக்கு உள்ள போகுதில்ல?”

“அதுல மட்டும் கொறையே இல்ல பாப்பா. ஒரு வேள தவறாது.” இதை மட்டும் அவர் “எனக்கா?” என்று கேட்காமலே சொன்னார்.

அப்போது டாக்டர் பூர்ணிமா வந்து, அன்றைய பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார். நூற்று நான்கு. மூன்று மாதச் சராசரியும் நன்றாகவே இருந்தது. இனி மாத்திரை வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டினால் போதும் என்று அவர் கைகூப்பாத குறையாகப் பாராட்டினார்.

அந்த மனிதரின் முகம் சுருங்கிப்போனது.

“நிறுத்த வேணாங்கம்மா.”

நர்ஸ் ஜெயம் ஊசி எடுத்துவைத்துக்கொண்டே சிரித்தாள். “அவனவன் மாத்திரைய நிறுத்துங்கன்னு கால்ல வுழறான். ஒங்களுக்கு அது என்ன, வெல்லத்துல புடிச்ச மல்லாட்ட உருண்டையா?”

அவர் சிரிக்கவில்லை. அரை மாத்திரையாவது எழுதுங்கள் என்று கெஞ்சினார். போன முறை குறைத்ததிலிருந்தே சரியில்லை என்றார். என்ன சரியில்லை என்று டாக்டர் கேட்டதற்கு, அரை மாத்திரை போதும் என்றே திரும்பச் சொன்னார். சர்க்கரை இல்லாத உடம்பில் இந்த மாத்திரை போனால் மயக்கம் போட்டு விழவேண்டியதுதான் என்று டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பழகிப்போன மாத்திரையை நிறுத்த அவர் பயப்படுகிறார் என்று கார்குழலிக்குத் தோன்றியது. பக்கத்தில் போய், ஒன்றும் ஆகாது, நான் வாராவாரம் போன் செய்து விசாரிக்கிறேன் என்று தைரியம் சொன்னாள்.

டாக்டர் நோட்டைத் திறந்து, மாத்திரையின் பெயரை அடிக்கப் பேனாவை வைத்தார். அந்த மனிதர் சட்டென்று தன் உள்ளங்கையை அந்தப் பக்கத்தின் மேல் விரித்து மறைத்தார்.

“தப்புதாங்கம்மா. நோட்ட எடுத்துக்கிட்டு வூட்டுலேருந்து யாரு வந்தா இன்னான்னு இருந்துட்டோம். ரத்தம் குடுத்தாதான் மாத்திரன்னாங்க, நானே குடுத்தேன். மொத தரம் வந்ததோட சரி, கலியமூர்த்தி அப்புறம் வரவே இல்ல. மாத்திரைய அவருதான் போட்டுக்குறாரு, கால் புண்ணு ஆறாம வூட்டுல படுத்திருக்காரு. நான் அவரு தம்பி, பக்கிரி.”

அண்ணனை அன்றைக்கே ஆட்டோவில் அழைத்துவந்துவிட்டார்கள், கவலைப்படாதீர்கள். உங்கள் வீட்டில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் தாமே நடந்துபோய்க் காட்டுகிற தெம்பும், துணைக்குக் கூடவே நடக்க ஓர் ஆளும் என்றைக்கும் இருக்கட்டும்.