தாண்டிப்போக ஒரு பாதம்

நற்கருணை வாங்கப் போகும் வரிசையில், ஆலயத்தின் நடுவழியில், ஏசுவடியானின் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. பார்க்கின்சன் நோய் வந்து ஆறு வருஷமாகிறது. பின்னால் ஐம்பது பேர் நின்றார்கள். "மெதுவா எடுத்து வைங்க," என்றாள் மனைவி கனகமணி. கால் கேட்கவில்லை. "ஆண்டவரே" என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். ஆளில்லாத வீட்டில் கூப்பிட்டது போலிருந்தது. வெட்கத்தைக் காட்டக்கூட முகம் அசையவில்லை. அதுவும் நோயில் இறுகிப்போயிருந்தது.

சபைப் போதகரான ஐயர் அப்பத் தட்டோடு பீடத்திலிருந்து இறங்கி வந்தார். "இங்கேயே தந்திரட்டுமா?"

"வேண்டாம் ஐயரே. அங்க வந்துதான் வாங்கணும்." ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

ஐயர் தட்டை உதவிக்கு நின்ற உபதேசியாரிடம் கொடுத்துவிட்டு, அங்கியைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, தன் வெறுங்காலை அவருக்கு முன்னால் குறுக்காக வைத்தார். "எங்க அப்பாவுக்கும் இதே சீக்குதான். இதத் தாண்டி வைங்க."

கால் எழுந்தது. ஐயர் பின்னுக்கு நகர்ந்து மறுபடி குறுக்கே வைத்தார். இப்படியே பத்துப் பன்னிரண்டு தப்படி. ஒருமுறை ஏசுவடியான் தாண்ட முடியாமல் அந்தக் காலை முழுப் பாரத்தோடும் மிதித்துவிட்டார். ஐயர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. "அடுத்தது," என்றார்.

பீடத்தின்முன் ஏசுவடியான் முழங்காலிட்டார். அப்பம் நாவில் கரைந்தது. உள்ளே ஒன்றும் அசையவில்லை. மிதித்த உள்ளங்காலில் மட்டும் அந்தப் பாதத்தின் சூடு அப்படியே இருந்தது.

"எந்திரிக்கீங்களா?" என்றாள் கனகமணி.

"கொஞ்சம் இருக்கேன்," என்றார்.