தெற்கே வந்த சபைக் கூட்டம்

உலகத்துக் கூழைக்கடாக்கள் எல்லாம் ஒரே திருச்சபை. எந்த மாதம் மீன் தொடாமல் நோன்பிருப்பது என்பதை வருஷந்தோறும் வடக்கே பெரிய ஏரியில் கூடித் தீர்மானிப்பார்கள். அவர்கள் குறித்த மாதத்தில்தான் தெற்கே குஞ்சுகள் பசித்து வாயைப் பிளக்கும்.

மாதத்தை மாற்றச் சொல்லிக் கேட்க, தெற்கத்திச் சலேத்தம்மாள் ஆறு வருஷமாகப் பறந்து போனாள். அங்கே வடக்கத்தி அக்கம்பக்கத்து ஏரிக்காரர்கள் வந்ததுமே கூட்டத்தைத் தொடங்கிவிடுவார்கள். அவள் போய் இறங்கும்போது தீர்மானம் முடிந்திருக்கும். வலது சிறகில் வலி நிரந்தரமாகிவிட்டது.

ஏழாம் வருஷம் சபைத் தலைவர் மனமிரங்கினார். "நீ சொல்றதும் நியாயம்தாம்மா. இந்தத் தடவை உங்க ஏரியிலேயே கூடுவோம்."

எல்லோரும் வந்தார்கள். இருந்த மீனையெல்லாம் பிடித்துப் போட்டாள். மூன்று நாள் சாப்பிட்டார்கள், உபசரிப்பைப் புகழ்ந்தார்கள், தெற்கத்திப் பாட்டுக்குத் தலையாட்டினார்கள். நாலாம் நாள் தலைவர் கிளம்பச் சிறகை உதறினார்.

"ஐயா, நோன்பு விஷயம்?"

"மறப்பேனா? ஊருக்குப் போனதும் கூடி முடிவெடுத்துடலாம். நீயும் வந்துடும்மா."

சலேத்தம்மாள் வெறும் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேலே எழும்பிய தலைவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "வழக்கம்போல லேட்டா மட்டும் வராதே."