பல் டாக்டர் வீட்டுக் கட்டில்

"அந்த வீட்டுல கட்டிலை எந்தப் பக்கம் போட்டிருக்காங்க?"

மகளின் அறை வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அம்மா கேட்டாள். ஏதோ பேச்சுவாக்கில் கேட்பதுபோலத்தான் கேட்டாள். உள்ளுக்குள் வயிறு எரிந்தது அவளுக்கல்லவா தெரியும்!

"ஜன்னல் பக்கம் தலை. படுத்தா கதவு இடது கைப் பக்கம் வரும்," என்றாள் பதினைந்து வயது மகள்.

அந்த வீடு என்றால் அப்பா வீடு. அம்மாவும் அப்பாவும் பிரிந்ததிலிருந்து மகள் ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே. அப்பா மறுபடி கல்யாணம் செய்துகொண்ட பல் டாக்டரும் இப்போது அங்கே இருக்கிறாள். பரீட்சை முடிந்ததும் எந்த வீட்டில் நிரந்தரமாக இருப்பது என்று மகளே சொல்லட்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். பரீட்சைக்கு இன்னும் ஒரே மாதம்.

நேற்று அங்கேயிருந்து திரும்பியவள், வந்ததும் வராததுமாக, "அங்கே என் ரூமையே மாத்திட்டாங்கம்மா, சூப்பரா இருக்கு," என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். இன்று அம்மா தையல் கடையைத் திறக்கவே இல்லை. பல் பிடுங்குகிறவள் ஒரு கட்டிலைத் திருப்பிப் போட்டு என் பெண்ணை வளைத்துவிடுவாளா? அதையும் பார்த்துவிடலாம்!

"பிடி அந்தப் பக்கம். தூக்காதே, இழு."

கட்டில் கிறீச்சிட்டுக்கொண்டு நகர்ந்தது. மகள் அம்மாவின் தையல் டேப்பை எடுத்துவந்து தரையில் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம்மா. கதவுக்கும் கட்டிலுக்கும் ஆறடி."

"ஓஹோ, அளந்தே பார்த்துட்டு வந்துட்டியா? அவ்வளவு பிடிச்சுப் போச்சா?"

மகள் கட்டிலில் படுத்தாள், எழுந்தாள், கண்ணை இறுக மூடிக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள். மூன்றாவது எட்டில் கைப்பிடி கையில் பட்டது. திரும்பி வந்து இன்னொரு தடவை நடந்து பார்த்தாள்.

"கண்ணாமூச்சி ஆடற வயசாடி இது? வா, மேஜையைப் பிடி."

மேஜை கால்மாட்டுக்குப் போயிற்று. நாற்காலி சுவரோரம் ஒதுங்கியது. அம்மாவின் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் அவள் ஓயவில்லை.

"அலமாரி?"

"அது வந்து... ஜன்னலைப் பாதி மறைச்ச மாதிரி. இல்லேன்னா கதவுக்குப் போற வழியில இடிக்குமாம்."

அம்மா ஒரு கணம் நின்றாள். புத்தி இருக்கிறவர்கள் ஜன்னலை மறைத்து அலமாரி போடுவார்களா? ஆனால் டாக்டராயிற்றே. நாலு ஊர் பார்த்தவள். இதுதான் புது மோஸ்தரோ என்னவோ! தோளைக் கொடுத்து ஒரே மூச்சில் தள்ளினாள். அறையில் பாதி வெளிச்சம் போயே போய்விட்டது.

"நல்லாத்தான் இருக்கு," என்று வாய்கூசாமல் சொன்னாள். "இப்ப சொல்லு. அங்கே நல்லா இருக்கா, இங்கே நல்லா இருக்கா?"

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்மா!"

மகளின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. எத்தனையோ நாளாக அம்மா பார்க்காத பூரிப்பு. அந்த வீட்டை நினைத்துத்தானே இந்தச் சிரிப்பு என்று எண்ணியதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்கு அவளைத்தான் பிடிச்சிருக்கு, அதானே? முகத்துல எழுதி ஒட்டியிருக்கே! போ, இப்பவே வேணும்னாலும் போ. நான் மிஷினைக் கட்டிக்கிட்டு அழறேன்."

"அம்மா, அப்படியில்ல..."

மேஜைமேல் இருந்த போன் அடித்தது. அப்பா! ஆறு மாதமாகக் குறுஞ்செய்தி தவிர வேறு பேச்சில்லாத மனுஷன்.

"உனக்கென்ன கிறுக்கா?" என்று எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தார். "ஜன்னலை மறைச்சு எவளாவது அலமாரி போடுவாளா? இங்கே ஜன்னல் கதவே திறக்க மாட்டேங்குது!"

"நானா? உங்க டாக்டரம்மா செஞ்ச கூத்து அது. அதைப் பார்த்துத்தான் நான் இங்கே..."

"அவளா? போன வாரம் பூரா என் உயிரை வாங்கிட்டா. 'உங்க பழைய சம்சாரம் பொண்ணு ரூமை என்னமா வெச்சிருக்காளாம், நாம மட்டும் இளைச்சவங்களா'ன்னு ஒரே பொருமல். கட்டிலை இழுத்து இழுத்து என் முதுகே போச்சு. அலமாரி ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு, இன்னிக்கு அதையும் தள்ளவெச்சுட்டா..."

"இருங்க இருங்க. யார் சொன்னா, இங்கே இப்படி இருக்குன்னு?"

"உன் பொண்ணுதான்."

  அம்மா போனைக் காதிலிருந்து எடுத்து, கட்டிலில் உட்கார்ந்திருந்த மகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவங்ககிட்ட என்னைச் சொல்லி, என்கிட்ட அவங்களைச் சொல்லி... எதுக்குடி இத்தனை பொய்? யாரை ஜெயிக்க வைக்கப் பார்த்தே?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"யாரையும் இல்லம்மா. தூக்கத்துல முழிச்சா எந்த வீட்டுல இருக்கேன்னே தெரியல. கதவாவது ஒரே பக்கம் இருக்கட்டுமே."