மேலே யார் கூட்டுவது?

"எனக்கு விண்கலம் ஓட்டுற வேலைதான் சார் வேணும்."

நேர்காணலில் இன்ன வேலைதான் வேண்டும் என்று மட்டும் கேட்டுவிடாதே என அப்பா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் விண்பொறியியல் சேர்ந்த பிறகுதான் அவருக்கு ராக்கெட் பைத்தியம் பிடித்தது. "மேல சேருற குப்பைய யாரு தாயி கூட்டுறது?" என்று கேட்டுச் சிரிப்பார்.

"அப்பா என்ன பண்றார்?" என்றார் அதிகாரி.

"மாநகராட்சியில தூய்மைப் பணியாளர்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்போ விண்வெளிக் குப்பை அள்ளுற பிரிவுல சேருங்களேன். உங்களுக்கெல்லாம் பழக்கம்தானே? யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு. நீங்க போட்ட குப்பைய நீங்களே போய் அள்ளுங்க."

கதவைத் திறந்து வெளியே நடந்தேன். வாசலில் அப்பா வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.